சோப்பு போடாத தண்ணீர்

தண்ணீரை வீணாக்காதவர்கள் யார் என்று அந்தத் தெருவில் கணக்கெடுத்தால் கீரைக்காரிதான் முதல் ஆளாக நிற்பாள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதுவும் மனசில்லாமல் வந்த விருந்தாளி மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு போக்கிடம் உண்டு. ஒரு செம்புத் தண்ணீர் சும்மா மண்ணில் விழுந்தால் அன்று முழுக்க அவள் முகம் சரியாக இருக்காது.

கீரைக்காரி என்றால் கூடை சுமந்து விற்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் இருந்தது. அதைக் கொத்தி, பாத்தி கட்டி, கீரை போட்டிருந்தாள். அந்தத் தெருவில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். தன் வீட்டுக்குப் பறித்தது போக அக்கம்பக்கத்துக்கும் ஆளுக்கொரு பிடி கொடுப்பாள். அதனால்தான் கீரைக்காரி என்று தெரு அவளுக்குப் பெயர் வைத்தது. அவள் புருஷனுக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வருமா என்பது சந்தேகம்தான்.

அவன் தெருக்கோடியில் இருந்த ஈயப் பட்டறையில் வேலை பார்த்தான். செத்துப்போன பேட்டரிகள் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அவற்றைக் கோடாலியால் பிளந்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருவி, உலையில் போட்டு உருக்குவார்கள். ஈயம் கட்டி கட்டியாக வெளியே போகும். புகை எங்கும் போகாமல் தெருவிலேயே தங்கிவிடும். சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது தலையிலிருந்து கால்வரை ஒரே சாம்பல் நிறமாக இருப்பான். சின்ன மகள் வாசலுக்கு ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொள்வாள். அவன் அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வருவான். எவ்வளவு அலுத்து வந்தாலும் இந்த ஒன்றை மட்டும் அவன் விட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலை ஆரம்பமாகும். அவன் கழற்றிப் போட்ட சட்டையையும் கால்சட்டையையும் பெரிய அலுமினியத் தொட்டியில் ஊறப் போடுவாள். முதலில் வெறும் தண்ணீர். சோப்புத் தண்ணீர் பட்டால் கீரை கருகிவிடும் அல்லவா? அதனால் சோப்பு போடாத தண்ணீரில் ஊறவைத்து, காலால் மிதித்து, அழுக்கெல்லாம் இறங்கியதும் அந்த முதல் தண்ணீரைப் பாத்திக்கு ஊற்றிவிடுவாள். தொட்டியின் அடியில் கறுப்பாக வண்டல் தங்கும். அதையும் கையால் வழித்துப் போடுவாள். உரத்துக்கு உரம் என்று நினைத்தாள். சோப்பு போட்ட இரண்டாவது தண்ணீர்தான் சாக்கடைக்குப் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கைக்குப் பழகிப்போன ஒழுங்கு இது. இதில் தப்பு இருக்கும் என்று சொல்ல யாரும் இல்லை.

மகளைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள். பெயருக்கேற்ப ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. எல்லாப் பிள்ளைகளையும் போல இவளும் பேசிப் பேசிக் காதைப் புளிக்க வைத்தவள்தான். பிறகு மெல்ல மெல்ல அடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்தது. தெரிந்த வார்த்தைகளையே மறந்தவள் போல கையைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தாள். பக்கத்துத் தெரு டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மியாக இருக்கிறது, கீரை நிறையக் கொடுங்கள் என்றார். கீரைக்கு அவள் எங்கே போக வேண்டும்? இரண்டு வேளையும் மசித்து, பிள்ளையை மடியில் போட்டு, மூக்கைப் பிடித்து ஊட்டினாள். பிள்ளை துப்பினால் முதுகில் ஒன்று வைத்து மறுபடி ஊட்டினாள். பிள்ளை இன்னும் வெளுத்தது. அவள் இன்னொரு பாத்தி போட்டாள்.

பட்டறையைச் சுற்றி இருக்கிற பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். சிட்டுவின் ரத்தத்தில் ஈயம் இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு. உடனே சேர்த்துவிடச் சொன்னார்கள். கீரைக்காரியின் தங்கை ஆஸ்பத்திரியில் கூட இருக்க, இவள் துணி எடுக்க வீட்டுக்கு வந்த நாளில் மண்ணைச் சோதிக்க ஆஸ்பத்திரி அனுப்பிய பெண் வந்து நின்றாள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதன் மூக்கை மண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தால் திரையில் எண் வரும்.

வாசலில் வைத்தாள். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். துணி காயப்போடும் இடத்தில் வைத்தாள். அதுவும் சரியில்லை. ஆனால் பட்டறையை ஒட்டிய தெருவில் இது எதிர்பார்த்ததுதான் என்பது போலத் தலையாட்டிக்கொண்டாள். கடைசியாகக் கீரைப் பாத்திக்கு வந்தாள். எண் வந்ததும் கருவியைத் தட்டிப் பார்த்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"அக்கா, இங்க எப்பவாவது பேட்டரி உடைச்சீங்களா?"

"இல்லம்மா. வீட்டுக்குள்ள அந்தக் கண்றாவியெல்லாம் விட மாட்டேன்."

"கீரைக்கு என்ன போடுவீங்க?"

"ஒண்ணும் போட மாட்டேன். மருந்து, மாத்திரை எதுவும் கிடையாது. சுத்தமான கீரை. தண்ணி மட்டும்தான்."

"என்ன தண்ணி?"

அவள் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள், சோப்புத் தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிடுவேன் என்று. அந்தப் பெண் கருவியைக் கீழே இறக்கினாள். படித்த பெண்தான், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் எப்படிப் பேசுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் கீரைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுத்துச் சொன்னாள். அந்தக் கறுப்பு வண்டல் அழுக்கு இல்லை, ஈயம். மண்ணில் விழுந்த ஈயம் மக்காது, கரையாது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். கீரையிலும் ஏறும், இலை மேலும் ஒட்டும், பிள்ளை கையில் ஒட்டி வாய்க்குள்ளும் போகும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ரத்தத்தைச் சரிசெய்து அனுப்பினாலும் இதே மண்ணுக்குத் திரும்பி வந்தால் பழைய கதைதான். மேல் மண்ணை எடுத்துவிட்டு, புது மண் போட்டுவிட்டுத்தான் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

கீரைக்காரி அழவில்லை. அந்தப் பெண் போன பிறகு பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, தான் பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊட்டிய ஒவ்வொரு வாயையும் நினைத்துப் பார்த்தாள். முதுகில் வைத்த அடியையும் நினைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஊத்துனது நான்தாங்க," என்றாள்.

"கொண்டு வந்தது நான்தானே," என்றான் அவன். "நீ ஊத்துனது என் சட்டையில இருந்து வந்ததுதான். இதுல யாருக்கு எவ்வளவுன்னு பங்கு போடணுமா?"

மறுநாளிலிருந்து மண்ணெடுக்க ஆரம்பித்தார்கள். சட்டை ஊறிய முதல் தண்ணீரையும் அவள் சாக்கடைக்கே விட்டாள். பட்டறை வேலை முடிந்து வந்து அவன் மண்வெட்டியைப் பிடிப்பான். நாளெல்லாம் கோடாலி பிடித்த கை, மண்வெட்டியைப் பார்த்ததும் கெஞ்சும். தூசி பறக்கக் கூடாது, நனைத்துவிட்டு வெட்டுங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். எனவே தூக்கி எறியப்போகிற மண்ணுக்குக் குடிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டியிருந்தது. குடத்தைச் சாய்க்கும்போது கீரைக்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதலில் கீரையைத்தான் பிடுங்கினாள். அது தளதளவென்று நின்றது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத கீரை. வேரோடு பிடுங்கிச் சாக்கில் திணிக்கும்போது கை கூசியது.

மண் சாக்குச் சாக்காக ஏறியது. சுவரோரம் வரிசையாக நின்றது. அதற்கு மேல்தான் தொல்லை. குப்பை வண்டிக்காரர் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மண்ணெல்லாம் எங்கள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். ஊர் அலுவலகத்தில் போய் நின்றால், பட்டறையிலிருந்து வந்தது பட்டறைக்காரர் பொறுப்பு என்றார்கள். பட்டறை மேஸ்திரியிடம் கேட்டால், உன் வீட்டு மண்ணுக்கு நாங்கள் எப்படிப்பா பொறுப்பாக முடியும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. ராவோடு ராவாக வாய்க்கால் கரையில் தள்ளிவிடு என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. வாய்க்கால் கரையில் விளையாடுவதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாக்குகள் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். போகச் சொல்லியும் போகாத சொந்தக்காரர்கள் மாதிரி அவை அங்கேயே இருந்தன.

பட்டறையில் ஒரு குளியலறை கட்டித் தந்தால் அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வரலாம். இதையும் மேஸ்திரியிடம் கேட்டான். முதலாளியிடம் சொல்கிறேன், பார்க்கலாம் என்றார். அவன் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அந்தப் பட்டறையில் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி வந்தார்களே தவிர யாரும் எதையும் பார்த்தபாடில்லை.

இதற்கிடையில் கீரைக்காரியின் நெஞ்சில் இன்னொன்று முள்ளாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மருமகள் மாசமாக இருந்தாள். மாசமான பிள்ளைக்கு நல்லது என்று வாரம் தவறாமல் வேலிக்கு மேலே கீரையை நீட்டியவள் இவள்தான். தையல்காரம்மாவும் சும்மா வாங்கிக்கொண்டவர் இல்லை. சிட்டுவுக்குக் கவுன் தைத்துக் கொடுப்பார், வெட்டுத்துணியில் பொம்மை செய்து கொடுப்பார். மண்ணெடுப்பதைப் பார்த்து, எதற்கு இதெல்லாம் என்று கேட்டபோது, பிள்ளைக்கு ஆகவில்லை என்று மட்டும் சொல்லி மழுப்பியிருந்தாள். சோறு இறங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு நேராகப் போய்விட்டாள். தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார். மருமகள் உள்ளே படுத்திருந்தாள்.

"அக்கா, நான் குடுத்த கீரையில விஷம் இருந்துச்சு," என்றாள். இதைவிட நல்ல விதமாகச் சொல்ல அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது வீணாயிற்று.

தையல்காரம்மா மிதிப்பதை நிறுத்தினார். இவள் முதல் தண்ணீர், வண்டல், துப்பாக்கிக் கருவி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். தையல்காரம்மா ஊசியிலிருந்து நூலை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தார்.

"உனக்குத் தெரிஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

"மண்ணெடுக்க ஆரம்பிச்சோமே, அதுக்கு முந்தின நாள்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்கா. வாய் வரல."

தையல்காரம்மா எழுந்து உள்ளே போய் மருமகளை எழுப்பி, செருப்பைத் தேடி எடுத்துப் போட்டார். ரத்தம் கொடுத்துப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று புரிந்தது. வாசல்படியில் இவளைத் தாண்டும்போது மட்டும் நின்றார். "எந்த வார்டுன்னு சொல்லு. வழி தெரியாம நிக்கக் கூடாது," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. இவள் கூடவே போய் வழி காட்டினாள். மருமகள் ரத்தத்திலும் கொஞ்சம் இருந்தது. ரொம்பப் பயப்பட வேண்டாம், கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார்கள். அந்த 'கொஞ்சம்' கீரைக்காரியைத் தூங்க விடவில்லை. தையல்காரம்மா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலிக்கு மேலே ஒரு புதுக் கவுன் வந்தது. சிட்டு இளைத்திருப்பாள் என்று அளவைக் குறைத்தே தைத்திருந்தார்.

தூரத்திலிருந்து புது மண் வந்தது. செம்மண். கருவிக்காரப் பெண் அதையும் சோதித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள். அதைக் கொட்டி மிதித்துச் சமப்படுத்தினார்கள். வீட்டுக்குள் ஈரத்துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார்கள். சிட்டு வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் லேசாக ரத்தம் ஓடியது. வயிற்றுவலி இல்லை. பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை. வரும், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. அப்பா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் சிட்டு பழைய ஞாபகத்தில் எழுந்து ஓடினாள். ஆஸ்பத்திரியில் கட்டிலே கதியென்று கிடந்த பிள்ளை ஓடுவதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரு கணம் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கணம் புருஷன் மேலிருந்த சாம்பல் கண்ணில் பட்டது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"வராதடா கண்ணு. அப்பா அழுக்கு. வராத."

சிட்டு அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள். கலகலவென்று சிரித்துக்கொண்டு துரத்தினாள். அவன் இடதுபக்கம் விலகினான், வலதுபக்கம் விலகினான். பிள்ளைக்குச் சிரிப்பு அள்ளியது. அவன் பின்வாங்கிப் பின்வாங்கித் தெருவுக்கே போய்க் கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டான். சிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"அப்பா, தூக்கு," என்றாள்.

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. வெளியே நின்றவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைப் பட்டறைப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். பெரிய ஆம்பளை தெருவில் நின்று அழுகிறானே என்று யாரும் கேலி பேசவில்லை.

கீரைக்காரி பிள்ளையை வாரி எடுத்து, வேலிக்கு மேலே தையல்காரம்மாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். இவள் அலுமினியத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதுக்குள்ள ஏறி நில்லுங்க. ஒரு சொட்டு கீழ விழக் கூடாது."

அவன் ஏறி நின்றான். செம்பு செம்பாக ஊற்றினாள். துணியோடு ஊற்றினாள், துணியைக் களைந்து துண்டு கட்டவைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். தலைமுடியைக் கோதிக் கோதிக் கழுவினாள். ஊரே பார்க்க, குளிப்பாட்டிவிடுகிற குழந்தை மாதிரி அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வேறு உடை மாற்றி, கீழே இறங்கி, வழக்கப்படி தொட்டியைச் சாக்கடைப் பக்கம் சாய்க்கக் குனிந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சாக்கடை தையல்காரம்மா வாசலை ஒட்டிப் போய்ப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில்தான் பரவும். இத்தனை வருஷமும் அங்கேதான் போயிருக்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் கறுப்பாகத் தளும்பியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பொம்பளைக்கு ஒரு தொட்டித் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

"எங்க?"

"வந்த இடத்துக்குத்தான்."

ஆளுக்கொரு பக்கமாகத் தொட்டியின் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். கனம் தோளை இறக்கியது. நின்று நின்று கை மாற்றிக்கொண்டு போனார்கள். பட்டறை கேட் தெரியும் இடத்தில் அவன் நின்றுவிட்டான்.

"வேலை போயிடும்டி."

"போனா போகட்டும்னு சொல்ல எனக்கும் வாய் வரலங்க. அடுப்பு எரியணுமே. ஆனா இதைத் தூக்கிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போகக் காலும் வரல. நீங்களே சொல்லுங்க, எங்க ஊத்தட்டும்?"

அவன் நாலு திசையையும் பார்த்தான். வீடுகள் இருந்தன, வாசல்கள் இருந்தன, காயப்போட்ட சின்னச் சின்னச் சட்டைகள் இருந்தன. தன் பக்கத்துக் காதை மறுபடி பிடித்தான்.

கேட்டில் காவல்காரப் பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குள் ஒருநாளும் வேலை செய்யாத அவருடைய மீசையும் சாம்பலாகத்தான் இருந்தது. தொட்டியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"பட்டறையோடதுங்க," என்றான் அவன். "என்மேல ஒட்டிட்டு வந்துருச்சு. திருப்பிக் குடுக்க வந்தோம்."

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேஸ்திரி அறையில் விளக்கு எரிந்தது. இவர்களைத் துரத்திவிடுவதுதான் காவல்காரராக அவர் வேலை. அவர் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சின்னக் கதவைத் திறந்துவிட்டார். இருவரும் உள்ளே போய் உலைக்குப் போகும் பாதையில் தொட்டியைச் சாய்த்தார்கள். சாம்பல் தரை அதைக் குடித்தது. அடியில் நின்ற வண்டலைக் கீரைக்காரி கையால் வழிக்கவில்லை. ஒரு தகடால் சுரண்டித் தட்டினாள்.

வெளியே வரும்போது பெரியவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "நாளைக்கும் வருவீங்களாம்மா?"

"இந்தக் கறுப்புத் தண்ணி தினமும் வரும்," என்றாள் அவள். காலித் தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வீட்டுல மண்ணு மூட்டை கிடக்கு. அது ஒண்ணொண்ணா வரும்."

பெரியவர் சின்னக் கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்தார். வீட்டு வாசலில் தையல்காரம்மா இடுப்பில் சிட்டு இருந்தாள். அப்பாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் தன் கையை முகர்ந்து பார்த்தான், நகக்கண்ணைப் பார்த்தான், மறுபடி பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.